எல்லாருக்கும் ஆகும்

கடைக்காரர் மூன்றாவது முறையாகவும் டேப்லெட்டைத்தான் எடுத்து நீட்டினார். அவளிடம் அல்ல, அவள் கணவன் தனசேகரிடம்.

வாங்க வந்தவள் அவள். கேள்வி கேட்கிறவளும் அவள்தான். பதில் மட்டும் அவனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவள் கை சாம்ப்ளர் மேல் இருந்தது. கறுப்புப் பெட்டி. பதினாறு ரப்பர் கட்டைகள். எந்தச் சத்தத்தையும் உள்ளே பிடித்துப் போட்டுக்கொள்ளும். கட்டையைத் தட்டினால் திருப்பித் தரும். அதற்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான்.

"இந்தப் பெட்டி செய்யறதெல்லாம் ஆப்புலயே இருக்குங்க சார். இதுல பதினாறு கட்டைதான். அதுல எத்தன வேணும்னாலும் போட்டுக்கலாம்."

அவர் சொன்னது பொய் இல்லை. அவரைவிட அவளுக்கு அது நன்றாகத் தெரியும். நான்கு மாதம் அந்த ஆப்போடுதான் மல்லுக்கட்டினாள்.

அவள் வேலை பார்க்கும் ரத்த வங்கியில் ஒரு மெஷின் உண்டு. சுற்றி முடித்து அடங்கும்போது நீளமாக முனகும். அதைப் பிடித்து வைத்திருந்தாள். பக்கத்துத் தெரு விசைத்தறியையும், இறங்கும் ஷட்டரையும், மழையில் கிளம்ப மறுக்கும் ஆட்டோவையும். எல்லாவற்றையும் வெட்டி, ஒட்டி, பதினோரு நிமிட இசை. அடுத்த மாதம் கோவையில் நாற்பது பேர் முன்னால் அதை வாசிக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டு டேப்லெட்டைத் திறந்து பார்த்தால் காணோம்.

"மெமரி ஃபுல்னு காட்டுச்சு. ஏதோ பெருசா ஒண்ணு கெடந்துச்சு, தூக்கிட்டேன்" என்றான் தனசேகர். மேட்ச் பார்க்கிற ஆப்பை ஏற்ற இடம் போதவில்லையாம்.

சாரி கூடச் சொன்னான். பிறகு காபி கேட்டான்.

காபி போட்டுக் கொடுத்தாள். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த டேப்லெட் அவளுக்கென்றுதான் வாங்கியது. முதலில் பையனுக்கு ட்யூஷன் வந்தது. அப்புறம் மாமனாருக்கு ராசிபலன். அப்புறம் இவனுக்கு மேட்ச். ஆளாளுக்குப் பிய்த்துக்கொண்டது போக, மற்றவர்கள் குளிக்கிற நேரம் அவளுக்கு மிஞ்சியது.

'வா, புதுசே வாங்கிடலாம்' என்று அவன்தான் இன்று வண்டியை எடுத்தான். அவனுக்கு மனசில்லாமல் இல்லை.

இப்போதும் அதே நல்ல மனசோடுதான் சொன்னான்.

"நல்லா யோசிச்சுக்கோ. டேப்லெட்னா எல்லாருக்கும் ஆகும்."

எல்லாருக்கும்.

அவள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பெட்டியில யூடியூப் வருமா?"

"வராதுங்க மேடம்." முதல்முறையாக அவளைப் பார்த்துப் பேசினார்.

"கேம்?"

"அதும் வராது."

"மேட்ச்?"

"ஸ்க்ரீனே இத்தனூண்டுதாங்க மேடம்" என்று அவர் விரலால் காட்டினார். ஏதோ அவர் செய்த குற்றம் போல முகம் சுருங்கியிருந்தது.

"பேக் பண்ணுங்க" என்றாள்.

வண்டியில் பெட்டி அவள் மடியில் கனத்தது. தனசேகர் சிக்னலில் நின்றபோதுதான் பாதி திரும்பிக் கேட்டான். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டான்.

"இத வீட்ல எங்க வெப்ப?"

பதில் சொல்ல வாயெடுத்தாள்.

சாப்பாட்டு மேசையில் பையனின் புத்தகங்கள். படுக்கையறையில் கட்டிலும் பீரோவும் போக, ஒருக்களித்து நடக்கத்தான் இடம். சமையல் மேடையில் கிரைண்டர். ஹாலில் மாமனாரும் டிவியும்.

சாமிக்குக் கூட ஒரு அலமாரி இருந்தது.

பன்னிரண்டு வருடமாகத் தினம் அவள் கூட்டித் துடைக்கும் வீடு. அதில் ஒரு பெட்டியை வைக்க ஓரடி இடம் சொல்லத் தெரியவில்லை. டேப்லெட்டுக்கு இடம் தேவைப்பட்டதில்லை. மடி போதும். அதனால்தான் இத்தனை நாள் இது கண்ணில் படவில்லை.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதனாலேயே இன்னும் ஆத்திரம் வந்தது.

பச்சை விழுந்தது. வண்டி நகர்ந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக ஹாலுக்குப் போனாள். டிவியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். மாமனார் சோபாவில் சாய்ந்து, எந்தக் கட்சியும் சரியில்லை என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

டீப்பாய் மேல் இருந்த செய்தித்தாளை எடுத்தாள். கண்ணாடிக் கூடு, மாத்திரை டப்பா, பிளாஸ்டிக் பூச்சாடி. ஒவ்வொன்றாக எடுத்து சோபா ஓரத்தில் அடுக்கினாள். காலியான இடத்தில் பெட்டியைப் பிரித்து சாம்ப்ளரை வைத்தாள். சரியாகப் பொருந்தியது.

மாமனார் காலை மடக்கிக்கொண்டார். கண்ணை டிவியிலிருந்து எடுக்கவில்லை.

வயரைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். ஹாலில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில் டிவி வயர்.

வாசலில் தனசேகர் ஹெல்மெட்டோடு நின்றிருந்தான். அவள் கையிலிருந்த வயரைப் பார்த்தான். அவள் பார்க்கும் இடத்தையும் பார்த்தான். வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினான்.

அவள் குனிந்தாள்.

நான்கு பேரும் ஒன்றாக வாயை மூடினார்கள்.

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மாமனார் ரிமோட்டை இரண்டு தட்டுத் தட்டினார்.

"கரண்ட் போயிருச்சா?"

"போகல மாமா" என்றாள். "நாந்தான் கழட்டுனேன்."