தேன்மெழுகு மட்டும் போதும்

"அக்கா, லோஷன்ல எண்ணெயும் தண்ணியும் பிரியாம இருக்க நீ என்ன சேர்க்கறே?"

தங்கை போனில் கேட்டதும், ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அக்காவுக்குச் சுருக்கென்றது. வீட்டிலேயே லோஷன் செய்து விற்றுப் பேர் வாங்கியவள் அவள். போட்டிக்குக் கடை போடப் பார்க்கிறாளோ?

"தேன்மெழுகு மட்டும் போதும்டி," என்றாள் வாய் கூசாமல். மெழுகு கெட்டியாக்கும், இரண்டையும் சேர்த்துப் பிடிக்காது. அப்படிச் சேர்த்துப் பிடிக்கிற எமல்சிஃபையர் என்ற பொருளைப் பற்றி அவள் மூச்சே விடவில்லை.

பத்தாம் நாள் வீடு திரும்பியவளைத் தங்கை வாசலிலேயே கட்டிக்கொண்டாள்.

"உன் வாடிக்கைக்காரங்க கைவிட்டுப் போயிடக் கூடாதேன்னு, நின்னுபோன நாப்பது ஆர்டரையும் நானே செஞ்சு, சூடு ஆறினதும் உன் லேபிளை ஒட்டி அனுப்பிட்டேன்க்கா!"

அக்காவின் முகம் வெளிறியது.

"ஏன்க்கா, ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"நீ பண்ணலடி," என்றவளால் தங்கையின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.