தரையிலிருந்து ஒரு சாண்

“கேஸ் அலாரத்தைக் கொண்டுபோய் சீலிங்கோட ஒட்டி மாட்டியிருக்கியே, உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?”

 கருகிப்போன சமையலறையின் நடுவில் ஃபிட்டர் தலையைக் குனிந்து நின்றான். பக்கத்தில் அவனுடைய முதலாளி. போனில் நான் போட்ட சத்தத்தில் இருவரும் விடிந்ததும் விடியாததுமாக ஓடி வந்திருந்தார்கள்.

பத்தொன்பது வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்கு அடர்த்தி நடத்துகிறேன். ஒரே அளவில் இரண்டு டப்பா. ஒன்றில் பஞ்சு, இன்னொன்றில் மணல். எது கனம், ஏன் கனம்? கடைசி பெஞ்சுகூடப் பட்டென்று சொல்லிவிடும்.

சமையல் கேஸுக்குக் காற்றைவிட அடர்த்தி அதிகம். கசிந்தால் மேலே ஏறாது. தண்ணீர் மாதிரி தரையில் பரவி அங்கேயே கிடக்கும். சீலிங்கில் தொங்குகிற அலாரத்துக்கு அது எப்படித் தெரியும்?

நேற்று சாயங்காலம் அக்கா டீ போடப் போனாள். ஜலதோஷம், அவளுக்கு வாசனை தெரியவில்லை. தீக்குச்சியை உரசினாள். அதுவரைக்கும் அலாரம் மூச்சுவிடவில்லை.

அவள் தலைமுடியில் ஒன்றுகூடக் கருகவில்லை. முழங்காலுக்குக் கீழேதான் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. ஊசி போட்டுத் தூங்க வைத்திருக்கிறார்கள். இனி நடப்பாளா என்று கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறார்.



“இவனை இன்னைக்கே வேலையைவிட்டுத் தூக்குங்க. இல்லேன்னா நேரா போலீசுக்குத்தான் போவேன்.”

முதலாளி தலையாட்டினார். இப்படி ஒரு பெயர் விழுந்தவனை வேறு எந்தக் கடையும் சேர்க்காது. அது தெரிந்துதான் சொன்னேன். நாசமாய்ப் போகட்டும்.

“டீச்சர், அன்னைக்கு...” என்று இழுத்தான் ஃபிட்டர்.

“வாயைத் திறந்தே, அப்புறம் தெரியும் சேதி!”

அவன் புகை படிந்த இரும்பு அலமாரியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான்.

பின்சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், இரண்டு ஸ்குரூ ஓட்டைகள். வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்திருந்தது.

முதலாளி குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்தார்.

“முதல்ல சரியாத்தான மாட்டியிருக்கான். அப்புறம் யாரு மேல மாத்தச் சொன்னது?”

அலமாரி புதிதாக வந்த அன்றைக்கு, அந்த அலாரம் இடித்ததில் அது சுவரோடு ஒட்டி நிற்கவில்லை. பார்க்கச் சகிக்கவில்லை, மேலே எங்கேயாவது தூக்கி மாட்டு என்று விரட்டினேன். கேஸ் கீழேதானே நிற்கும் டீச்சர் என்று முனகினான். எனக்கே பாடம் நடத்துகிறாயா என்று கேட்டேன்.

அக்கா அன்று ஊரிலேயே இல்லை.

ஃபிட்டர் இப்போதுதான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான்.

“எங்க அக்காதான்” என்றேன்.