ஏழடி உயரத்தில்

குகை வாசலில் கொடுத்த தலைக்கவசம் அவளுக்குக் கண் வரைக்கும் இறங்கியது. வாரை இறுக்கிவிட நான் கை நீட்டியதும் ஓரடி பின்னால் போய், தானே இறுக்கிக்கொண்டாள்.

ஏழு வயது. அவள் அம்மாவை நான் கல்யாணம் செய்துகொண்டு நான்கு மாதம் ஆகிறது. இந்த நான்கு மாதத்தில் அவள் விரல் நுனிகூட என் மேல் பட்டதில்லை. சாலையைக் கடக்கும்போதுகூட என் பையின் வாரைத்தான் பிடித்துக்கொள்வாள்.

இன்று அம்மாவுக்கு மருத்துவமனையில் டியூட்டி. முதல்முறையாக நாங்கள் இருவர் மட்டும். சண்டை போடாமல் வந்து சேருங்கள் என்று சொல்லி அனுப்பினாள். சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு.

உள்ளே நுழைந்து, வழிகாட்டிப் பெண் விளக்கைத் திருப்பியதும் எங்களுக்கு எல்லாமே மறந்துபோனது. சுவர் முழுக்க ஆதிமனிதர் வரைந்த காட்டெருமைகள்.

"இங்க பாருங்க! எட்டுக் கால்! ஓடுதுல்ல, அதான்!"

என்னிடம்தான் சொன்னாள். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

எனக்கும் தலைகால் புரியவில்லை. நான் குழாய் வேலை செய்கிறவன். சுவரில் ஈரம் கசிந்தால் ஆறே மாதத்தில் பெயிண்ட் பொரிந்து விழும் என்று வீடு வீடாகப் பயமுறுத்திப் பிழைக்கிறவன். இங்கே சொட்டச் சொட்ட ஈரம். பல்லாயிரம் வருடமாகச் சாயம் அப்படியே நிற்கிறது. எப்படி, எப்படி என்று வழிகாட்டியை நான்கு தடவை கேட்டுவிட்டேன்.

குட்டிப்பெண் தன் உதட்டில் விரல் வைத்து என்னை அதட்டினாள். அதுவே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

கடைசி அறையில் விளக்கு மேலே திரும்பியது. கூரையில் களிமண் அப்பியிருந்தது. கீழிருந்து பார்த்தால் அவ்வளவுதான் தெரிந்தது.

அதில் விரலால் இழுத்த கோடுகள் இருக்கின்றன, கிட்டப் போனால்தான் தெரியும் என்றாள் வழிகாட்டி. விரல் அகலத்தை அளந்து பார்த்திருக்கிறார்களாம். இழுத்தது ஆறேழு வயதுக் குழந்தை. கூரையோ ஏழடிக்கு மேல். அப்படியென்றால் யாரோ அந்தக் குழந்தையைத் தோளில் தூக்கி வைத்திருந்திருக்க வேண்டும்.

அவள் துள்ளுவதை நிறுத்தினாள்.

"தூக்குனது அதோட அப்பாவா?"

ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடாதே தாயே என்று வழிகாட்டியை மனதுக்குள் கெஞ்சினேன்.

"அது தெரியாதும்மா. கோடு எங்கயும் ஆடாம போகுது, அதனால யாரோ கெட்டியா புடிச்சிருக்காங்க. அவ்வளவுதான் தெரியும்."

அவள் என் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள். இன்னும் என்ன நிற்கிறீர்கள் என்று கேட்கிற முகம்.

தூக்கினேன். நினைத்ததைவிடக் கனம். தோளில் உட்கார்ந்ததும் ஒரு கையால் என் தாடையைப் பிடித்துக்கொண்டாள். தொடக்கூடாது என்று சொல்லியிருந்ததால், மறுகை விரலைக் காற்றிலேயே ஓட்டினாள். மூன்று கோடு, நான்கு கோடு, இங்கே வளைகிறது என்று குகையே அதிரக் கத்தினாள். அவள் கணுக்கால்களை இறுக்கிப் பிடித்தபடி, அவள் சொன்ன பக்கமெல்லாம் அரை அடி அரை அடியாக நகர்ந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவுக்கு வரைந்து காட்டினாள். நான்கு கோடுகள், ஓரத்தில் ஒரு வளைவு.

இப்படித்தான் இருந்ததா என்று மனைவி என்னைக் கேட்டாள்.

தெரியாது என்றேன். நான் நிமிர்ந்தால் தோளில் இருக்கிறவள் ஆடிவிடுவாள் என்று, குகையில் கடைசிவரை தலையைத் தூக்கவே இல்லை.