புதுக் குழாயிலும் கிருமி

மூன்றாவது தடவையும் ஆய்வக அறிக்கையில் கிருமி. பால் ஓடும் குழாய்க்குள் வழவழவென்று படலம் கட்டியிருக்கும் என்று எழுதியிருந்தார்கள்.

விளாத்திகுளம் பால் கம்பெனி முதலாளி பேச்சிராஜா கத்தினார். “ஏலே வெள்ளத்துரை, ஒழுங்காத்தான் கழுவுதியா? இன்னொரு தடவை வந்தா லைசென்ஸ் போயிரும்ல!”

“காஸ்டிக் சோடா, ஆசிட் எல்லாம் ஊத்தியாச்சு அண்ணாச்சி. குழாய்ல முகம் பாத்து மீசை திருத்தலாம்.”

குழாயையே புதிதாக மாற்றினார்கள். பால் படுவதற்கு முன்பே வெள்ளத்துரை வழக்கம்போலக் குழாயின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து, அந்தக் குச்சியைச் சோதனைக்கு அனுப்பினான். அதிலும் கிருமி!

ஆய்வகத்திலிருந்து ஐஸ்வர்யா நேரிலேயே வந்துவிட்டாள். “எப்படித் துடைச்சு எடுக்கீங்க அண்ணே? செஞ்சு காட்டுங்க.”

வெள்ளத்துரை சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினான். கையுறை மாட்டினான். பாக்கெட்டைப் பிரித்துப் பஞ்சுக்குச்சியை எடுத்தான். நாக்கை நீட்டி அதை நன்றாக ஈரப்படுத்தினான்.

“காஞ்ச பஞ்சுல அழுக்கு ஒட்டாதுல்லா மேடம்?”