ரொட்டித் தட்டு ஏந்தியவன்

"சார், வகுப்பிலயே கடைசி நான்தான். என்னைப் போய் முன்னால நிறுத்தாதீங்க!"

யூலின் கெஞ்சினான். சீனாவின் ஹார்பின் நகரில் ரஷ்ய மொழி படிக்கச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

துறைத் தலைவர் ஹான் அசையவில்லை. "ரஷ்யாவிலேர்ந்து விருந்தாளிங்க வர்றாங்க. வாசல்ல ரொட்டியும் உப்பும் நீட்டி வரவேற்கணும், அது அவங்க வழக்கம். அதுக்கு உன்னை விட்டா வேற யாரு?"

"ஏதாவது கேட்டுட்டாங்கன்னா?"

"'மன்னிக்கணும், எனக்கு ரஷ்ய மொழி தெரியாது'ன்னு ரஷ்ய மொழியிலயே சொல்லிடு. முதலாண்டுப் பையன் ஒருத்தனை ஒரு வருஷம் அங்க கூட்டிட்டுப் போய்ப் படிக்க வைக்கிறாங்களாம். அந்த அதிர்ஷ்டம் உனக்கே அடிச்சாலும் அடிக்கும்."

யூலினுக்கு ஆசை நாக்கில் ஊறியது. அந்த நாக்குதான் எதிரி. ரகரத்தை உருட்டச் சொன்னால் படுத்துக்கொள்ளும். விடுதியில் எல்லாரும் செய்வதுபோல வாயில் தண்ணீர் வைத்து அண்ணாந்து கொப்பளித்துப் பழகினான். குழாய் உடைந்துவிட்டதென்று விடுதிக் காவலம்மா இரண்டு முறை வாளியோடு ஓடிவந்தாள். பக்கத்து அறையில் கணிதம் படிப்பவன், சுவர் வழியாகக் கேட்டே ரகரம் உருட்டக் கற்றுக்கொண்டான். யூலினுக்கு மட்டும் வரவில்லை.

"உனக்கே வரலைன்னா எங்களுக்கெல்லாம் எப்படிடா வரும்?" அறைத்தோழன் குவோ கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தான். யூலின் காது சிவந்து போர்வைக்குள் நுழைந்துகொண்டான்.

விருந்தாளிகள் வந்தார்கள். தலைவி, கனத்த கம்பளிக் கோட்டுக்காரி, ரொட்டியைப் பிய்த்து உப்பில் தொட்டு வாயில் போட்டாள். யூலினின் கன்னத்தைக் கிள்ளி மளமளவென்று ஏதோ கேட்டாள். ஒரு சொல் பிடிபடவில்லை. பின்னால் மொத்த வகுப்பும் நின்று பார்த்தது.

'ரஷ்ய மொழி தெரியாது' என்ற மனப்பாட வாக்கியத்தை அவிழ்த்துவிட்டான். பயத்தில் நாக்கே நடுங்கியதோ என்னவோ, ரகரம் பட்டாணிபோல உருண்டது.

தலைவி வயிறு குலுங்கச் சிரித்தாள். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். ரொட்டிக்குள் தலையைப் புதைத்துக்கொள்ளலாமா என்றிருந்தது யூலினுக்கு.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னால் நின்ற குவோவை முன்னே இழுத்தாள். "எங்களோட வரட்டும் இவன்!"

ஹான் பதறினார். "அம்மா, தட்டு வச்சிருக்கிறவனுக்குத்தான் உதவி அதிகம் வேணும். நெசமாவே அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"வேடிக்கை போதும் ஐயா. எங்க ஊர்ப் பையனைக் கொண்டாந்து நிறுத்திட்டு, அவனுக்கு எங்க மொழியை எங்களையே கத்துக்கொடுக்கச் சொல்றீங்களே!"

எல்லை ஆற்றைத் தாண்டி வந்து ஒரு சீனக்காரனைக் கட்டிக்கொண்ட கொள்ளுப்பாட்டியின் மஞ்சள் முடியும் நீலக் கண்ணும் பத்திரமாக யூலின்வரை வந்து சேர்ந்திருந்தன. அவள் பேசிய மொழி மட்டும் வழியில் எங்கோ இறங்கிக்கொண்டது.