மஞ்சள் கேபிள்

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எங்களிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. நேராக எங்கள் புராஜெக்ட் மேசைக்குப் போய், இரண்டு நெட்வொர்க் சுவிட்சுகளை இணைத்த நீலக் கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். அப்படியும் மறுமுனைக் கம்ப்யூட்டரிலிருந்து திரையில் நொடிக்கொரு வரியாகப் பதில் வந்துகொண்டேயிருந்தது. நாங்கள் நான்கு பேரும் நான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டது இதற்குத்தான். ஒரு பாதை அறுந்தால் மறுபாதை ஏற்றுக்கொள்ளும்.

"இதுதான் உங்க மாத்துப் பாதையா?" என்றவர், சிவப்புக் கேபிளையும் பிடுங்கினார். இந்த மனிதருக்கு எங்கள் மேல் என்ன கோபமோ.

பதில் நின்றது. குழுத் தலைவன் இசக்கிராஜ் கண்ணை மூடிக்கொண்டான். நாங்கள் கொடுத்த வரைபடத்தில் மூன்றாவது பாதை கிடையாது.

பிறகு திரையில் ஒரு வரி வந்தது. அதன் கீழே இன்னொன்று.

மேசைக்கடியில் மஞ்சளாக ஒன்று ஓடியது. எங்கள் குழுவின் ரெஜினா தன் கையால் கனெக்டர் போட்ட கேபிள். "ஏட்டி, படத்துல இல்லாதத எதுக்கு வைக்கே? மார்க்கு போயிரும், கழட்டு" என்று காலையில்கூட இசக்கிராஜ் அவளைத் திட்டியிருந்தான். சரி சரி என்றுதான் தலையாட்டினாள்.

தேர்வாளர் குனிந்தார். ஒரு கையில் நீலமும் சிவப்பும் தொங்க, மறு கை மஞ்சளைத் தொட்டது.

"இதையும் பிடுங்கட்டுமாம்மா?"

ரெஜினா எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.

"பிடுங்குங்க சார்" என்றாள்.