சாயம் போகாத முட்டை

இந்தக் காலத்தில் எதையும் இருக்கிறபடியே விற்க யாருக்கும் மனசு வருவதில்லை. பழத்துக்கு மெழுகு, கிழவன் தலைக்கு மை. முட்டை ஒன்றுதான் தப்பித்தது என்று நினைத்திருந்தேன். என் வீட்டிலேயே அதுவும் போய்விட்டது.

என் ஈரத்துண்டில் காபி நிறத்தில் கறை. மருமகளின் முட்டையில் விரல் அகலத்துக்கு வெளுப்பு.

"மாமா, என்ன பண்ணிட்டீங்க?"

"நான் என்னம்மா பண்ணேன்? தேய்ச்சேன். உன் சாயம் வெளுத்துச்சு."

எதிரே குஞ்சு பொரிப்பகத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். காபிக்கொட்டை நிறத்தில் முட்டையிடும் கோழி தேடி வந்தவர். ஒரே ஒரு வீட்டில்தான் வாங்குவார். அவர் வேண்டாமென்றால் அத்தனை கோழியும் கறிக்கடைக்கு என்று காலையிலேயே சொல்லிவிட்டுத்தான் என் மகன் வேலைக்குப் போனான்.

போகட்டும். பொய் முட்டை விற்று வந்த சோறு எனக்குத் தொண்டையில் இறங்காது.

தையல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஆறு வருஷமாக அவளுக்கு இதே பிழைப்பு. இருப்பதிலேயே கருத்த முட்டையாகப் பார்த்து அடைவைப்பாள். பொரித்ததன் காலில் வளையம் மாட்டுவாள். "நிறம் சேவல் வழியாவும் வரும் மாமா" என்பாள். முட்டையே போடாத சேவலுக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? கேட்டால் சிரிப்பாள். இன்று காலையில் "ஈரக்கையோட தொட்டுடாதீங்க மாமா" என்றாள் பாருங்கள், அப்போதே எனக்குப் பொறி தட்டிவிட்டது.

அடுத்தது பின்தெருத் தச்சன் கொண்டுவந்த முட்டை. அவனும் கோழி வளர்க்கிறவன்தான். நாற்பது வருஷமாக என்னோடு சீட்டாடுகிறான், ஒரு சீட்டை ஒளித்ததில்லை. முட்டை புது நாற்காலியின் கை மாதிரி மின்னியது. அழுத்தித் தேய்த்தேன். துண்டில் ஒரு பொட்டு ஒட்டவில்லை.

"பாத்தீங்களா? இது கோழி போட்டது. அது மருமக போட்டது."

தச்சன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையைத் தூக்கினாள்.

"கூடையை வைம்மா" என்றார் பொரிப்பகத்துக்காரர். நிறம் வெளுத்த முட்டையை எடுத்து, பஞ்சு விரித்த தன் பெட்டிக்குள் பதமாக வைத்தார். "உன் கோழிங்களைத்தான் எடுத்துக்கறேன்."

"ஏங்க, அதுதான் சாயம் போகுதே?"

"போகணும் பெரியவரே. கோழி முட்டை ஓடு செஞ்சு முடிச்சுட்டு, கடைசியா மேலாகத்தான் இந்த நிறத்தைப் பூசும். புது முட்டையில ஈரத்துணி பட்டா வரத்தான் செய்யும். வரலைன்னாதான் சந்தேகப்படணும்."

அவர் தச்சன் பக்கம் திரும்பினார். "எத்தனை கோட்டு அடிச்சீங்க?"

தச்சன் தரையைப் பார்த்தான்.

"சாயம் ஒண்ணு. வார்னிஷ் ரெண்டு."

மருமகள் என்னையே பார்த்தாள். ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள் போல. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்துகொண்டே பொரிப்பகத்துக்காரரிடம் கேட்டேன்.

"இவன் பூசினது நிக்குது, கோழி பூசினது நிக்கலை. இதுல எது நல்ல வேலைன்னு நீங்களே சொல்லுங்க."